சாக்பீஸ் கோடு போட்ட ஸ்டட்

சவரிமுத்து இறந்த செய்தி வந்தபோது என் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மகள் ஸ்டெல்லாதான் பேசினாள். "மாமா, அப்பா காலைல பூட்டாரு. தூக்கத்துலயே." மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நல்ல சாவுதான். ஆனாலும் அழுகை வந்தது. அழுதேன்.

உத்திரமேரூரில் பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என் பட்டறைக்கு அடுத்த ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தார். இருவருக்கும் ஒரே வயது. துருவேறி இறுகிய போல்ட்டை உடையாமல் கழற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் முன்கோபி, ஸ்பானரில் பைப்பை மாட்டி ஏறி மிதிக்கிற ஆள். அவர் பைப்பைப் பிடுங்கி ஓரமாக வைப்பார். "முதல்ல கொஞ்சம் இறுக்குப்பா. அது அசையட்டும். அப்பால கழட்டிக்கலாம்" என்பார்.

போல்ட்டைச் சுற்றிச் சூடு காட்டி, மெழுகுவத்தியைத் தொட்டு வைப்பார். மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்துவிட்டால் மறுநாள் வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது. மெழுகுவத்தி மாதா கோயிலிலிருந்து வந்ததா என்று கிண்டல் செய்வேன். "பொட்டிக்கடைலதான் வாங்கினேன். மாதாவுக்கு இன்னாத்துக்கு கிரீஸ் வேலை?" என்பார்.

புள்ளலூர் டீச்சரின் கார் வேலைக்கு வந்தது பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு. காலமான கணவர் ஓட்டிய கார். இன்ஜின் பிளாக்கில் ஒரு ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், எப்போதோ ஒடிந்து, பாதி உள்ளேயே இறுகிக் கிடந்தது. பிளாக் கெட்டால் வேறு பிளாக்குக்கு எங்கே போவது? சவரிமுத்து மெழுகு தொட்டு, கோடு போட்டுவிட்டு, கேஸ்கெட் வாங்க வாலாஜாபாத் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வருவதற்குள் கழற்றிக் காட்ட நினைத்தேன். ஸ்டட்டில் துளை போட்டு, ஒடிந்த போல்ட்டைக் கவ்வி எடுக்கிற ஈசி அவுட்டை உள்ளே இறக்கித் திருகினேன். பட்டென்று ஈசி அவுட் உள்ளேயே முறிந்தது. அதன் இரும்பில் எந்த டிரில்லும் இறங்காது.

திரும்பி வந்தவர் குனிந்து பார்த்தார். "இன்னா பண்ணிக்கீறே நீ?" அவ்வளவுதான் கேட்டார். அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சவரிமுத்து முந்திக்கொண்டார். "என் கை அவசரப்பட்டுடுச்சி டீச்சர். நான் சரி பண்ணிடறேன்."

டீச்சர் போனதும் சவரிமுத்துவிடம் சண்டைக்கு நின்றேன். "கம்னு இரு. பட்டறை வெச்சிக்கினு கீறே. உன் பேரு கெட்டா எவன் வருவான்? எனக்கு ஒண்ணு கொறஞ்சா ஒண்ணும் ஆவாது" என்றார்.

நான்கு நாள் சின்ன பஞ்ச் உளியால் தட்டித் தட்டி, முறிந்த துண்டைப் பொடிப்பொடியாக எடுத்தார். ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, மறுபடி மெழுகு தொட்டு, முன்னும் பின்னும் அசைத்தார். ஐந்தாம் நாள் அது சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. மரையில் ஒரு கீறல் இல்லை. இருவரும் அன்று மூன்று டீ குடித்தோம்.

ஆனால் ஊரில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. "சவரிமுத்து கையில எதுவும் உடையாது, டீச்சர் கார் ஒண்ணு தவிர" என்று சொல்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். நான் டீ சொல்லப் போய்விடுவேன். டீச்சர் கார் சர்வீசுக்கு வந்து பானெட்டைத் திறந்தாலும் அப்படித்தான்.

அடக்கத்துக்கு டீச்சர் அதே காரில் வந்தார். "தங்கமான கை. ஒரே ஒரு தடவைதான் தப்பாச்சு" என்றார்.

"இல்லீங்க டீச்சர், அது என் கை" என்றேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் திரும்பினார்கள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். "அதான் பானெட்டைத் திறந்தாலே உங்களுக்கு டீ ஞாபகம் வந்துடுமா?" என்று டீச்சர் சிரித்தார். ஸ்டெல்லாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

அவருடைய மெழுகுவத்தியையும் சாக்பீஸ் டப்பாவையும் ஸ்டெல்லா எனக்குக் கொடுத்திருக்கிறாள். இன்று காலை ஒரு டிராக்டர் வேலை வந்தது. மெழுகு தொட்டு, கோடு போட்டிருக்கிறேன். வண்டிக்காரர் குதிக்கிறார், நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

சவரிமுத்துவின் கையில் எதுவும் உடைந்ததில்லை. தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.