மூன்று பத்துக்கு வருகிறவர்

வார்டன் அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். காலை ஒன்பது மணிக்கு நான் பையை மேசைமேல் வைப்பதற்குள் "முந்நூத்திப் பன்னெண்டு!" என்று எண்ணி முடித்திருப்பார். அலுவலகப் பட்டியலில் முந்நூற்றுப் பதினொன்றுதான் இருக்கும். "அக்கா, ஒண்ணு கூடுதலா வருது" என்பேன். "உனக்கு எண்ணத் தெரியலடி" என்பார். இரண்டு வருடம் இதே கூத்து. நானும் கேட்பதை விடவில்லை, அவரும் என்னை முட்டாளாக்குவதை விடவில்லை.

அவர் எண்ணுவது கணினிகளை. வீட்டில் உட்கார்ந்தபடியே அலுவலகக் கணினியைத் திறந்து வேலை பார்க்க உதவும் மென்பொருளைத்தான் எங்கள் நிறுவனம் செய்து விற்கிறது. அந்தக் கணினியும் மேசைமேல் இருக்கிற பெட்டி அல்ல. பின்னறையில் ஏசி போட்டு வைத்திருக்கும் பெரிய சர்வருக்குள் உடம்பில்லாத கணினிகள் முந்நூறு சொச்சம் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஆட்களுக்கும் ஆளுக்கொன்று உண்டு. புதிதாக வந்தவருக்கு ஒன்று திறப்பது, வேலையை விட்டுப் போனவருடையதை மூடுவது, எது விழித்திருக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று பார்ப்பது எல்லாம் அக்காவின் பொறுப்பு. விடுதியில் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி எண்ணுவதால் வார்டன் என்று பெயர் வைத்தேன். பதிலுக்கு எனக்கு வாயாடி என்று வைத்தார். சரிக்குச் சரி.

என் வேலை, தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் கத்தாமல் இருப்பது. நாளுக்குப் பத்துத் தடவை சொல்வேன்: "சார், மூலையில இருக்கிற பெருக்கல் குறிய அமுக்கினா ஜன்னல் மட்டும்தான் மூடும். உள்ள எல்லாம் அப்படியே ஓடிட்டுதான் இருக்கும். 'வெளியேறு'ன்னு இருக்கு பாருங்க, அத அமுக்குங்க." கேட்பார்களா? மாட்டார்கள். அறைக்குள் விளக்கும் விசிறியும் ஓட, கதவை மட்டும் சாத்திக்கொண்டு போவார்கள்.

இந்தக் குற்றத்தில் முதல் ஆள் அக்காவின் கணவர். அவரும் எங்கள் அலுவலகம்தான். மென்பொருளைச் சோதித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பார், தன் வேலை முடிந்தால் பெருக்கல் குறியை அமுக்கிவிட்டு எழுந்து போய்விடுவார். "வீட்ல குழாயக்கூட முழுசா மூட மாட்டார்டி" என்று அக்கா புலம்புவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் இரண்டரைக்கு, "சாப்பிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனவர் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நாற்பத்தோரு வயது. வழக்கமாக மூன்று பத்துக்கு இருக்கைக்குத் திரும்பிவிடுவார்.

அக்கா மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தார். அலுவலகம் பட்டியலில் கணவரின் பெயரை அடித்துவிட்டது. அவருடைய கணினியை மூட வேண்டியவர் அக்கா. மூடினாரா என்று யாரும் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க யாருக்கு வாய் வரும்? எனக்கே வரவில்லை.

இந்த வருடம் பழைய சர்வரைத் தூக்கிப் போடப் போவதாக மேலாளர் அறிவித்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மின்சாரத்தையே துண்டிப்பார்கள். பட்டியலில் இருப்பவை மட்டும் புது சர்வருக்குப் போகும். திறந்தபடி விட்டதும் சேமிக்காததும் போனது போனதுதான். சரிபார்க்க அக்காவோடு என்னையும் போட்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அக்கா கை கழுவப் போயிருந்தபோது அந்த முந்நூற்றுப் பன்னிரண்டாவதைக் கண்டுபிடித்தேன். "சோதனைக்கு, தொடாதீர்கள்" என்று பெயர் வைத்து ஒரு மூலையில் ஒளித்திருந்தார். உள்ளே பார்த்தால் அவருடைய கணவர் பெயர். பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளி. ஜன்னலை மூடிவிட்டார்கள், இன்னும் வெளியேறவில்லை என்று அர்த்தம். அட பாவமே, இரண்டு வருடமாகவா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளி பச்சையானது.

பச்சை என்றால் ஆள் உள்ளே வந்துவிட்டார் என்று பொருள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

"பாத்துட்டியா?" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. "தினமும் வர்றார்டி. எட்டு மாசமா. இருபது நிமிஷம் இருப்பார். அப்புறம் ஜன்னல மூடிட்டுப் போயிடுவார். வெளியேற மாட்டார், அதே பழக்கம்."

"அக்கா, என்ன பேசற நீ? உள்ள போய்ப் பாத்தியா?"

"எப்படிப் போறது? ஒரு கணினிக்குள்ள ரெண்டாவதா ஒருத்தர் நுழைஞ்சா முதல் ஆள வெளிய தள்ளிடும்னு உனக்குத் தெரியாதா? நான் போனா அவர் போயிடுவார்."

கோபம் தலைக்கேறியது. யார் எங்கிருந்து நுழைகிறார்கள் என்பதை ஒரே சொடுக்கில் பார்க்கலாம். அதைப் பார்க்காமல் விட்டதற்காகப் போன மாதம்தான் ஒரு பையனை அக்கா அழ அழத் திட்டினார். அப்படிப்பட்டவர் எட்டு மாதமாக இதைத் தொடவில்லை. தொட்டால் என்ன தெரியும் என்கிற பயம். எனக்குப் பயம் இல்லையா, இருந்தது. ஆனால் என் கை எப்போது என் பேச்சைக் கேட்டது? அமுக்கிவிட்டேன்.

இணைய முகவரி வந்தது. அக்கா வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் பட்டியலில் நாங்கள் பார்க்கிற அதே எண்.

"உன் வீடுக்கா."

"அவர் லேப்டாப் அலமாரியில இருக்கு. யாரும் தொட மாட்டோம்."

"பகல்ல வீட்ல யார் இருக்கா?"

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "மாமா."

மாமனார். மகன் போனபிறகு அந்த வீட்டில் மிச்சம் அவர்கள் இரண்டு பேர்தான். எழுபத்தாறு வயது மனிதர். தொலைக்காட்சி ரிமோட்டில் சத்தம் கூட்டத் தெரியாமல் மருமகளைக் கூப்பிடுகிறவர்.

"உன் வாயத்தான் அடக்கத் தெரியாதுன்னு பாத்தேன். கையையும் அடக்கத் தெரியலையே உனக்கு" என்றார் அக்கா. வியாழக்கிழமை முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதம் உயிரோடு வைத்திருந்தவரை ஒரு சொடுக்கில் கொன்றுவிட்டேன் என்பது போலப் பார்த்தார். கொன்றேன்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது, சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினார். மூன்று மணிக்கு வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்தார். "நீ லைன்லயே இருடி. நாலு மணிக்குள்ள நான் மூடலன்னா நீயே மூடிடு. என்னைக் கேக்காத." போனை மேசையில் வைத்தார் போல. அணைக்கவில்லை.

மூன்று பத்துக்குக் கப் வைக்கிற சத்தம் கேட்டது, இங்கே புள்ளி பச்சையானது. பிறகு அக்காவைப் பார்த்து மாமனார் திடுக்கிட்டது கேட்டது.

"வந்துட்டியாம்மா? இது... சும்மா. தொட்டது தப்பா?"

"இல்ல மாமா. என்ன பண்றீங்க?"

"அவன் வீட்ல வேலை பாக்கிறப்போ இந்த நேரத்துக்குத்தான் டீ கொண்டாந்து வைப்பேன். இந்தப் படத்த ரெண்டு தடவ தட்டுவான், நான் பாத்திருக்கேன். அலமாரிய ஒழிக்கிறப்போ ஒரு நாள் தட்டிப் பாத்தேன். அவன் விட்டுட்டுப் போனது அப்படியே இருந்துச்சும்மா. ஆட்டாம வச்சா இருட்டாயிடுது. அதான் இந்த மவுஸ அப்பப்போ ஆட்டி விடறேன்."

அக்கா அழுதார். அலுவலகத்தில் இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அழாதவர். "நீங்க இங்க ஆட்டி விட்டீங்க, நான் அங்க மூடாம வச்சேன். ரெண்டு பேரும் சேந்து அவரத் தூங்கவே விடல மாமா."

நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் புள்ளி பச்சையாக இருந்தது. நாலு மணிக்கு எல்லாம் போய்விடும் என்று அக்கா மெதுவாக எடுத்துச் சொன்னார்.

மாமனார் கேட்டார், "இதுல என்னம்மா எழுதியிருக்கான்? கண்ணாடி போட்டாலும் எனக்குப் புரியல."

அக்கா படித்தார். "சோதனை ஒன்று, சரி. சோதனை இரண்டு, சரி. சோதனை மூன்று: ஜன்னலை மூடிவிட்டுத் திரும்பி வந்தால், விட்ட இடத்திலேயே இருக்கிறதா?"

"அதுக்குப் பதில்?"

"எழுதல மாமா. சாப்பிட்டு வந்து பாக்கலாம்னு மூடிட்டுப் போயிருக்கார்."

நான் பெருக்கல் குறிக்காக அந்த மனிதரை எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அன்று அவர் வேலையைத்தான் செய்திருக்கிறார்.

"இருக்குன்னு எழுதும்மா" என்றார் மாமனார். "எட்டு மாசமா நான்தானே பாக்கிறேன். எல்லாம் வச்ச இடத்துலயே இருக்குன்னு எழுது."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. சேமித்துத் தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று ஐம்பது. மூன்று ஐம்பத்திரண்டு. ஆயிரம் கணினிகளை மூடிய அக்காவின் கை அசையவில்லை என்று எனக்குப் புரிந்தது. என் விரலை இங்கே விசைமேல் வைத்தேன்.

"நகரும்மா" என்றார் மாமனார். "வெளியேறு எங்க இருக்குன்னு மட்டும் காட்டு. நான் பண்றேன். நீ பண்ண வேணாம்."

பச்சைப் புள்ளி அணைந்தது. சாம்பல் நிறம் வரவில்லை. அந்த வரியே பட்டியலில் இல்லாமல் போனது.

திங்கட்கிழமை புது சர்வர். அக்கா எண்ணி முடித்து "முந்நூத்திப் பதினொண்ணு" என்றார். சரியாக இருந்தது. பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன், சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று கூடுதலாக வராதா என்று எனக்கு ஏக்கமாகப் போய்விட்டது.

மத்தியானம் மூன்று பத்துக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தோம். எதுவும் மாறவில்லை. அக்கா போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"மாமா, டீ போட்டாச்சா?... ரெண்டு கப்பா?" "பரவால்ல மாமா. கொட்டாதீங்க. நான் வர்றேன்."

பெருக்கல் குறியை மட்டும் அமுக்கிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று அவருடைய கணினியில் வெளியேறு என்பதை நான்தான் அமுக்கினேன்.