வசனம் இல்லாத வேடம்

"இளவரசியின் பிணம்: செல்வி டெபோரா. வசனம் இல்லை" என்றது ராயபுரத்துக் கல்லூரி ஒன்றின் ஆங்கிலத் துறை அச்சிட்ட நாடக அழைப்பிதழ். படிப்பதென்னவோ ஆங்கில இலக்கியம்; நாலு பேர் முன்னால் ஆங்கிலம் பேசப் பயந்து, டெபோரா அந்த வேடத்தைக் கெஞ்சி வாங்கியிருந்தாள்.

மேடையில், அவள்மேல் விழுந்து அழுத ராணி ஜெமிமாவுக்கு வசனம் மறந்துவிட்டது. முன்வரிசையில், ஹார்பர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த ஜெமிமாவின் அப்பா.

"மறந்துட்சுடி! நைனா வேற பாத்துகினு கீறாரு," என்று ராணி கிசுகிசுத்தாள்.

"நீ அழுதுகினே இரு, நான் சொல்றேன்," என்றது பிணம்.

ராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒத்திகைகளில் படுத்தபடியே கேட்டுக் கேட்டு டெபோராவுக்கு எல்லாம் மனப்பாடம். திரை விழும்வரை, கண்ணைத் திறக்காமல், ராணியின் ஆங்கிலத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தாள்.