மெஷினோடு வந்தவர்

புனேயில், ஹடப்சர் சிக்னலுக்காக நின்றபோது மாஸ்டர் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, மேலே வரிசையாகக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பெரிய முகம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாய் ஒரு கூட்டம் முகங்கள். "இத்தனை பேரும் எப்ப செத்துப்போனாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாரும் சாகலை மாஸ்டர். நடுவுல இருக்கிறவருக்குப் பிறந்தநாள். மத்தவங்க வாழ்த்துறாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய ஊரில் படம் போட்டு ஒட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும்தானாம். வீட்டுக் கதவில், மரத்தில், பஸ் நிறுத்தத்தில் ஒட்டுவார்கள். வருஷத் திதி வந்தால் புதிதாக இன்னொன்று ஒட்டுவார்கள். "இப்ப எங்க தெருவுல நடக்கிறவங்களைவிட சுவத்துல இருக்கிறவங்கதான் அதிகம்" என்று அவருடைய அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பல்கேரியாவில் ஒரு சிறிய ஊர் அவருடையது. அங்கே மூடப்படும் நிலையில் இருந்த ஒரு கியர் தொழிற்சாலையை எங்கள் கம்பெனி விலைக்கு வாங்கியது. தொழிற்சாலையை நடத்துவதற்காக அல்ல, மெஷின்களைப் பெயர்த்து எடுத்து வருவதற்காக. அவற்றில் பெரியதை இங்கே நிறுவி ஓட்டிக் காட்ட வந்தவர்தான் மாஸ்டர். புரொடக்‌ஷனில் இருந்த நான் அவருக்குத் துணை. இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பெட்டிகளைப் பிரித்த அன்று எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டில் சீர்வரிசை பார்ப்பதுபோல் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் மட்டும் தள்ளி நின்று கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

கம்யூனிஸ்ட் ஆட்சி மாறியபோது, 'இனி தொழிற்சாலை உங்களுடையது' என்று சொல்லி ஆளுக்கொரு பங்குச் சீட்டு கொடுத்தார்களாம். அந்தக் குளிர்காலத்து விறகுக்காக அவர் அதை விற்றுவிட்டார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். சீட்டுகளையெல்லாம் வாங்கிச் சேர்த்தவர் பழைய கட்சிக்காரர் ஒருவரின் மருமகன். நேற்றுவரை மேடையில் பாட்டாளி என்று முழங்கிய குடும்பம் மறுநாள் முதலாளி ஆகிவிட்டது. பிறகு கை மாறிக் கை மாறிக் கடைசியில் எங்களிடம் வந்தது. அதற்குள் ஐரோப்பாவின் எல்லைகள் திறந்து, இளையவர்கள் எல்லோரும் கிளம்பிப் போயிருந்தார்கள். பள்ளிக்கூடத்தை முதியோர் இல்லமாக்கினார்கள். அவருடைய மகள் ஸ்பெயினில். 'வந்துவிடுங்கள்' என்று அவள் பல வருஷம் கூப்பிட்டும் இவர் அசையவில்லை. "யாராவது இருந்தாத்தானே அது ஊரு" என்பார். சாயங்காலம் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, ஆட்டோக்களில் பள்ளிப் பிள்ளைகள் பிதுங்கிக்கொண்டு போவதைப் பார்ப்பார். நான் கூப்பிட்டாலும் உடனே வரமாட்டார்.

கோந்த்வாவில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். மூன்றாவது தோசைக்குப் பிறகு போதும் என்று தட்டின்மேல் இரண்டு கைகளையும் விரித்தார். என் மனைவி கோயமுத்தூர்க்காரி, கைக்கெல்லாம் மசிகிற ஆளா? "பாவம், கூச்சப்படறாருங்க" என்று விரல் சந்தில் தோசையை நழுவ விட்டாள். சாம்பார் வேறு. மாஸ்டர் என்னைப் பார்த்து, "உங்க ஊர்ல வேண்டாம்னு சொல்றதுக்கு என்னதான் சொல்லணும்?" என்று கேட்டார். அதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். விருந்தாளி வேண்டாம் என்பது ஒரு மரியாதை, அதை மீறிப் பரிமாறுவது நம் மரியாதை என்றே வளர்ந்தவர்கள் நாங்கள்.

தசராவுக்கு இரண்டு நாள் முன்னதாக மெஷின் ஓடத் தொடங்கியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பூஜையன்று மெஷினுக்கு மாலை, குங்குமம், எலுமிச்சம்பழம். அடுத்தது மாஸ்டருக்கு சத்கார். புனேயில் யாரையாவது கௌரவிப்பதென்றால் சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்து, தலையில் ஜரிகை வைத்த காவித் தலைப்பாகை, அதுதான் ஃபேட்டா, கட்டிவிட வேண்டும். அவர் வேண்டாம் என்றார். கட்ட வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி வேண்டாம் என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "கூச்சப்படறார் சார், கட்டுங்க" என்றேன். கட்டினார்கள். எல்லோரும் கைதட்ட, அவர் மெஷின் பக்கத்தில் சிரித்தார். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று பார்க்க எங்களுக்கு ஏது நேரம்? ஹெச்ஆர் பையன் வீடியோ எடுத்து அன்றைக்கே கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டான்.

மாஸ்டரின் ஊர்க்காரர்கள் தங்கள் மெஷின் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கத்தைத் தினமும் திறந்து பார்ப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. பார்த்திருக்கிறார்கள். தங்கள் பிழைப்பைப் பெட்டியில் கட்டிக் கொண்டுபோனவன் மகாராஜா மாதிரித் தலைப்பாகையோடு சிரிக்கிறான். மறுநாள் அவருடைய மனைவி போன் செய்தாள். ரொட்டிக்கடைக்காரி அவளுக்கு முகம் கொடுக்கவில்லையாம். வீட்டுக் கதவில் யாரோ மாஸ்டரின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள், கறுப்புக் கரை போட்டு. மாஸ்டர் அதை என்னிடம் சொல்லிவிட்டு, "நான் திரும்பிப் போனா எந்தத் தெருவுல நடப்பேன்?" என்று கேட்டார். வீடியோவை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். அதனால் ஆனது ஒன்றும் இல்லை. மாஸ்டர் புனேயிலிருந்து நேராக ஸ்பெயினுக்குப் போனார். மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தாள். ஆட்சி மாறியும் போகாதவரை, பசி வந்தும் போகாதவரை, ஊரைவிட்டுக் கிளப்பியது எங்கள் உபசாரம். இன்றைக்கும் கல்யாண வீட்டில் ஃபேட்டா கட்ட வந்தால் நான் கைகழுவப் போவதுபோல் நழுவிவிடுவேன். அவ்வளவு வெட்கம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், அந்த மெஷின் மறுபடி ஊர் மாறுகிறது. ஹடப்சர் நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது. மெஷின்கள் ஓசூர்ப் பக்கம் போகின்றன, ஓட்டுகிற ஆட்கள் போகவில்லை. கூடப் போய் நிறுவி, அங்கேயே பொறுப்பேற்க என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 'தமிழ் ஆள், வசதியாக இருக்கும்' என்றார்கள். பெரிய பதவி. செய்தியைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். தசரா முடியும்வரை ஷாப்பில் மெஷின் ஓட்டுகிற ஆட்கள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது உத்தரவு.

போன வாரம் மாஸ்டரோடு வீடியோவில் பேசினேன். அங்கே யாரோ ஒரு முதியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும் வேலை அவருக்கு. அவரைப் பூங்காவில் வெயிலுக்கு நிறுத்திவிட்டுப் பேசினார். மெஷின் போகிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"கூட யார் போறது?"

"நான்தான் மாஸ்டர்."

"உன் ஆளுங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

பெரியவரின் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு, "நான் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார். "எங்க ஃபேக்டரி கேட்ல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன்." அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், பெரியவருக்கு வெயில் ஏறிவிட்டது என்று போனை வைத்தார்.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன், எல்லோரும் மரியாதையாகக் காகா என்று கூப்பிடும் மூத்த ஆபரேட்டர் என் மேஜைக்கு வந்தார். மெஷின் வந்த நாளிலிருந்து அதை ஓட்டுபவர், அவருடைய மகனும் இப்போது அதே ஷாப்பில். தசராவுக்கு முன் மெஷினுக்குப் பெயின்ட் அடிப்பது எங்கள் வழக்கம்.

"சாஹேப், இந்தத் தடவை நீலம் அடிக்கலாம்கிறாங்க பசங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பச்சையே இருக்கட்டும் காகா" என்றேன்.