காலி இடம் இல்லாத பள்ளிக்கூடம்

1. சனிக்கிழமை காலை, ஆங்கிலப் பள்ளி ஒன்றில் வேலை கேட்பதற்காகச் செரம்பான் போனேன்.
2. திரும்பும் சாலையில் யாரோ ஒரு லாரியை எரித்துவிட்டதால் மாலையில் பஸ் ஓடவில்லை.
3. இரவு செரம்பானிலேயே அக்கா வீட்டில் தங்கினேன்.
4. ஞாயிறு காலை, நான் பாடம் சொல்லும் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பி, முள்கம்பி வேலியின் வாசலில் நின்ற மலாய்க் காவலரிடம், முந்தின இரவு வராததற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.
5. அவர் சிரித்தார். “செமாலம் சிகு ஆடா லா,” என்றார். நேற்று ஆசிரியை இங்கேதான் இருந்தார் என்று அதற்குப் பொருள்.

எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், நேற்று நான் இங்கே இல்லை என்று மறுபடி சொன்னேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க எமர்ஜென்சி வந்ததிலிருந்து எங்கள் தோட்டத்தில் பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி பெயர்களைக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் ‘ஆடா’, அதாவது இருக்கிறேன், என்று மலாயில் குரல் கொடுக்க வேண்டும். ஆசிரியைக்கும் விலக்கு இல்லை. முந்தின மாலை என் பெயரும் கூப்பிடப்பட்டது. நானும் பதில் சொல்லியிருக்கிறேன்.

என்னோடு திருச்சியில் ஆசிரியப் பயிற்சி பெற்ற தோழிகள் கடிதம் எழுதுகிறார்கள். மலாயாவுக்கு வேலைக்கு வரலாமா, வசதி எப்படி என்று கேட்கிறார்கள். எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும். செரம்பான் பள்ளியில் பல தேசத்துப் பிள்ளைகள், வகுப்புக்கு ஓர் ஆசிரியை, மின்விளக்கு, குழாய்த் தண்ணீர், கப்பல் ஏறி ஊர் போய்வர நீண்ட விடுமுறை. கோலா சாவா பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் ஒரே அறையில் நான்கு வகுப்புகள், மண்ணெண்ணெய் விளக்கு, கிணறு, வேலி. வாசலைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக முடியாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, பால் வெட்டப் போகும் பெண்களின் வாளிகளைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரங்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. எங்கிருந்து பார்த்தாலும் நாம் நிற்கும் இடத்தை நோக்கியே ஒரு நீண்ட சந்து திறந்திருக்கும். அதில் யாரும் வருவதில்லை. யாரோ இப்போதுதான் விலகிப் போனதைப்போல் மட்டும் இருக்கும். வந்த புதிதில், வெயிலில் ரப்பர் காய் வெடித்த சத்தம் கேட்டு நான் மேசைக்கடியில் உட்கார்ந்துவிட்டேன். “டீச்சர், அது காய் டீச்சர்! சுட்டா நாங்களே சொல்றோம்,” என்று பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

அந்தப் பிள்ளைகளிடம்தான் நான் இன்னொன்றும் கற்றேன். பச்சையம்மாள் என்று ஒரு சிறுமி, மூன்றாம் வகுப்பு. (இந்தக் கட்டுரையில் எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.) அவளுடைய அப்பா போன வருடம் பால் வெட்டப் போனவர் திரும்பவில்லை. காட்டுக்குப் போய்விட்டார் என்பார்கள் சிலர். இறந்திருப்பார் என்பார்கள் சிலர். அவளுக்குச் சளி பிடித்திருந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை, நான் குனிந்தபடி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். “பச்சையம்மாள்.” “இருக்கேன் டீச்சர்.” அதே அடைத்த குரல். நிமிர்ந்தபோது அவள் இடத்தில் பலகை மட்டும் இருந்தது. சிலேட்டு நேராக வைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதே குரல். ஒரு பிள்ளையின் உதடும் அசைந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாளும் அப்படியே. மாதங்கள் போயின. பச்சையம்மாளின் குரலில் அந்தச் சளி மட்டும் குணமாகவே இல்லை.

பக்கத்து இடத்துச் சரசுதான் அந்தக் குரலில் பேசினாள் என்று பின்னால் கண்டுகொண்டேன். தனியாக அழைத்துக் கேட்டபோது அவள் பயப்படவில்லை. என் அறியாமைக்கு இரங்குபவள்போல் பார்த்தாள். “பேரு கூப்பிட்டா சும்மா வுடக் கூடாது டீச்சர். சும்மா வுட்டா மாத்தா வந்துடும்.” மாத்தா என்றால் போலீஸ். லயத்து வரிசையில் பெரியவர்கள் செய்வதைத்தான் பிள்ளைகள் செய்திருக்கிறார்கள். காய்ச்சலில் கிடப்பவருக்கும், தாமதமாக வருபவருக்கும், வராமலே போனவருக்கும், பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துவிடுவார். ஒரு பெயர் பதிலில்லாமல் நின்றால் அந்தக் குடும்பத்தைக் கொண்டுபோவார்கள். லயத்துக்கே அரிசியைக் குறைப்பார்கள். வராத பிள்ளையை வரவில்லை என்று குறிப்பதுதான் என் தொழிலின் முதல் பாடம். இங்கே அது காட்டிக்கொடுப்பது.

பச்சையம்மாளின் அம்மா முனியம்மாவிடம் கேட்டேன். மந்தின் என்ற ஊரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். அனுமதி கேட்டிருக்கலாமே என்றேன்.

“கேட்டா, அப்பன் எங்கன்னு தோண்டுவான். அப்பனத் தேடிக் காட்டுக்குத்தான் அனுப்பினேம்பான். என்னைக் கப்பல்ல ஏத்தி நாகப்பட்டணத்துல எறக்கிடுவான். அங்க எனக்கு யாரு இருக்கா டீச்சரம்மா? நான் பொறந்ததே இந்த லயத்துலதான்.”

அவள் நாத்தனாரின் விலாசத்தைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, கிராணியோடு பள்ளிக்கு வந்தார். தலைகளை எண்ணினார். பிறகு பெயர்களைக் கூப்பிடச் சொல்லி, என் பக்கத்திலேயே நின்றார். கூப்பிட்டேன். பச்சையம்மாளின் பெயர் நெருங்க நெருங்க என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அவள் இடத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. பள்ளி வயதுகூட ஆகாதது. கால் தரையை எட்டவில்லை. ஜீப் வாசலில் நின்றபோதே யாரோ பின்பக்கமாக அதை உள்ளே விட்டிருக்க வேண்டும். “இருக்கேன் டீச்சர்,” என்றது, அதே அடைத்த குரலில்.

“ஆல் பிரசன்ட்?” என்றார் அதிகாரி.

கிராணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எஸ், சார்,” என்றேன்.

இவ்வளவு ஒழுங்காகப் பிள்ளைகள் வரும் தோட்டப் பள்ளியைத் தான் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் பாராட்டிவிட்டு அவர் கிளம்பினார். அதற்குப் பிறகுதான் நான் செரம்பான் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டேன். பிடிபட்டால் எனக்கும் கப்பல்தான் என்பது ஒரு காரணம். அந்தக் குரலைத் தினமும் கேட்க முடியவில்லை என்பது இன்னொன்று.

ஞாயிறு அன்று காவலரிடமிருந்து விலகி வந்த நான், கிணற்றடியில் முனியம்மாவைப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்னே அவளே சொன்னாள்.

“நீங்க எம்புள்ளைக்காக வாயத் தொறக்காம இருந்தீங்க. நான் உங்களுக்காகத் தொறந்தேன். அவ்வளவுதான்.”

“கிராணி கண்டுபிடிக்கலையா?”

“அவருக்குத் தெரியாமலா? உங்கள மாதிரியே மூக்கால, படிச்ச குரல்ல ‘ஆடா’ன்னேன். வேலை வாங்குற மண்டோர்தான், ‘என்னா முனிம்மா, எப்ப டீச்சரான?’ன்னு இளிச்சான்.”

நான் சிரித்தேன். ஆனால் நான் இல்லாத ஒரு மாலையில் என் குரல் இந்த வேலிக்குள் இருந்திருக்கிறது என்ற நினைப்பு, அன்று முழுவதும் கழுத்தின் பின்னால் நின்றது.

வேலை கிடைத்துவிட்டதாகச் செரம்பானிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பத்தியையும் மறுபடி எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் செரம்பான் பக்கம்தான் நீண்டது. ஆனால் நான் போனால் என் இடத்துக்கு வருபவரும் என்னைப்போல் நல்ல பயிற்சி பெற்றவராக இருப்பார். முதல் நாளே அந்தக் குரலைப் பிடித்துவிடுவார். வெற்றிடத்தை வெற்றிடம் என்று குறிப்பார். அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அன்று மாலையே முனியம்மாவை ஜீப்பில் ஏற்றுவார்கள். இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

“பைத்தியமாடி உனக்கு? குழாயத் தொறந்தா தண்ணி வருது. அத வேணாங்கறியே!” என்றாள் அக்கா.

இப்போதைய நிலவரம் இது. செரம்பானுக்கு வர இயலாது என்று எழுதிவிட்டேன். பச்சையம்மாள் திரும்பி வரவில்லை. தினமும் அவள் பெயரைக் கூப்பிடுகிறேன், பதில் வருகிறது. திருச்சியில் அம்மா, நான் செரம்பானில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவருகிறாள். அது உண்மையில்லை என்று நான் அவளுக்கு எழுதவில்லை.