எசென்குல் வெந்நீரில் இறங்கிய வியாழக்கிழமை

ஏரிக்கரை ஊரான பலிக்சியின் நிலையத்தில், கராகோல் நகரம் போகும் வேன்களுக்கு ஆள் கூவிச் சேர்ப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக எசென்குலின் வேனுக்கு மட்டும் நான் தொண்டை வறளக் கூவியதில்லை. தானே நிறைந்துவிடும். அவர் ஓட்டுவதில் விசேஷம் ஒன்றுமில்லை. மாவு மூட்டையோ, ஆப்பிள் பெட்டியோ, புகைபோட்ட மீன் கூடையோ, எதுவானாலும் தானே கூரைமேல் ஏற்றிக் கட்டுவார். இந்த ஊர்க் காற்றில் அவர் போட்ட கட்டு மட்டும்தான் அவிழாது. மற்ற ஓட்டுநர்கள் சிகரெட்டைப் பற்றவைத்து வேடிக்கை பார்க்கும் ஜாதி.

போன வசந்தத்தில் அவர் இடுப்பு போய்விட்டது. ஏணியில் ஏறும்போது பல்லைக் கடிப்பதைப் பார்த்தேன். கேட்டதற்குக் குளிர் என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் பயம் எனக்குப் புரிந்தது. முந்தைய வருடம் இன்னொரு ஓட்டுநருக்குத் தோள் இறங்கிப் போய், விஷயம் பரவி, ஒரே மாதத்தில் ஜனம் அவர் வேனைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்ததில் ஏறியது. அந்த ஆள் இப்போது வீட்டில் ஆடு மேய்க்கிறார்.

இடுப்பு வலிக்கு வெந்நீர் ஊற்றுதான் மருந்து, கராகோல் பக்கமே இரண்டு உண்டு. ஆனால் அங்கே கால் வைத்தால் தெரிந்த முகம் பத்தாவது இருக்கும். அதனால் தன் ஓய்வு நாளான வியாழக்கிழமை, விடியுமுன் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நாரின் ஊருக்குப் போகும் வண்டியில் பயணியாக ஏறினார். கணவாயைத் தாண்டி மூன்று மணி நேரம். ஒற்றைத் தெருவும் குளியல் கூடமுமாக ஒரு மலை ஊர். அங்கே நடந்ததில் பாதி அவர் வாயால் கேட்டது, மீதி ஊர் வாயால்.

ஆண்கள் முறை வந்ததும் இறங்கினார். தண்ணீரில் கந்தகத்தின் அழுகிய முட்டை நாற்றம். கழுத்துவரை அமிழ்ந்ததும் இடுப்பு இளகி, வருடக்கணக்கில் வராத பெருமூச்சு வந்தது. எதிரே தொப்பை மிதக்க ஒரு கிழவர். பெயர் அசன்கான்.

“தம்பி பேரு?”

“மிர்லான்.”

“என்ன பண்றீங்க?”

“தேனீ வளக்கிறேன்.”

வாய் கூசாமல் சொன்னார். எத்தனை பெட்டி என்றதற்கு நாற்பது என்று அளந்துவிட்டார். கிழவர் திருப்தியாக முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்.

“சரி, ஏழு தகப்பனச் சொல்லு.”

எங்களில் எவனும் பெயரை மாற்றிச் சொல்வான், தொழிலை மாற்றிச் சொல்வான். ஏழு தகப்பன்களில் ஒருவரை மாற்றிச் சொல்ல நாக்கு எழாது. அப்பா, தாத்தா என்று மேலே ஏழு தலைமுறைப் பெயர், நாலு வயதில் மண்டையில் ஏற்றியது, கேட்டால் தானாக வந்துவிடும். எசென்குலுக்கும் வந்தது.

“சாகின், துலேகென், பெர்திகே, ஜான்தாய்...”

கிழவர் தண்ணீரை ஓங்கி அடித்தார். “ஜான்தாயா! எங்க தாத்தாவோட அப்பாடா அவரு! அப்போ நான் உனக்குச் சித்தப்பன்!” பாய்ந்து கட்டிக்கொண்டார். பிறகு கையை எடுக்காமலே யோசித்தார். “ஏரிப்பக்கம் போன சாகினுக்கு ஒரே மகன்தானே? பலிக்சியில வேன் ஓட்டுறான், எசென்குல்னு...”

எசென்குல் தாடைவரை தண்ணீருக்குள் அமிழ்ந்தார்.

“தேனீயா வளக்கிறே, திருட்டுப்பயலே! சித்தப்பன்கிட்டயேவா?” கூடமே சிரித்தது. “நீ இறங்கும்போதே பாத்தேன், இடுப்புதானே? இதுல என்னடா வெக்கம். என் மருமக பலிக்சிக்காரிதான், இப்பவே போன் போட்டு உனக்கு இடுப்புல தேய்க்கக் கரடிக் கொழுப்பு அனுப்பச் சொல்றேன்.”

“வேணாம் சித்தப்பா. உங்க கால்ல விழறேன், யாருக்கும் சொல்லாதீங்க.”

“நீ சும்மா இரு!”

எசென்குல் உடம்பு துவட்டி, தேநீர் குடித்து, திரும்ப வண்டி பிடிப்பதற்குள் செய்தி கணவாயைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் அவர் நிலையத்தில் இறங்கியபோது எனக்கே மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தவர், எதிரில் உட்கார்ந்து முழுக்கச் சொன்னார். “நாளைக்கி கொஞ்சம் பலமாக் கூவுடா” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் வந்தார்கள். வழக்கமான முகங்கள், ஒன்று குறையவில்லை. ஆனால் ஒருவரும் அவரிடம் மூட்டையைக் கொடுக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அவரைத் திட்டிக்கொண்டே பயணம் செய்யும் சல்கினாய் அக்கா, அத்தனை பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு தானே ஏணியில் ஏறினாள். பார்க்கவே பயமாக இருந்தது. கயிற்றை ஏதோ சுற்றிவிட்டு இறங்கினாள்.

“என்னய்யா பாக்கிறே? எம்மூட்டை, நான் ஏத்துறேன். ஒனக்கென்ன?”

மற்றவர்களும் தங்கள் சுமையைத் தாங்களே ஏற்றிக் கட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள். எசென்குல் வெறும் கையோடு கூரையைப் பார்த்தபடி நின்றார். அந்தக் கட்டு முதல் வளைவைக்கூடத் தாங்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மெல்ல ஏணியில் ஏறினார். எல்லா முடிச்சையும் அவிழ்த்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினார். நடுவில் ஒரு முனகல், அடக்க அடக்க வெளியே வந்தது. வேனுக்குள் ஒருவர் தலையும் நிமிரவில்லை. சல்கினாய் அக்கா திடீரென்று மீன் விலையைப் பற்றி உரக்கச் சண்டை போட ஆரம்பித்தாள்.

வேனில் ஓர் இடம் பாக்கியில்லை. ஆனாலும் நான் ‘கராகோல்! கராகோல்!’ என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டே இருந்தேன், அவர் இறங்கி முடிக்கும்வரை.