பாவின் ஓரமாக நடந்தவள்

ஆபரேஷனில் பிள்ளை பெற்ற என் மனைவிக்காக அம்மா சீரகம் கொதிக்க வைத்தாள். அந்த வாசனையில் எனக்கு மறுபடி ஏழு வயதானது.

அப்போது தங்கை பிறந்து ஆறாம் நாள். அவளும் ஆபரேஷனில் பிறந்தவள்தான். அம்மாவின் வயிறு உப்பிக் கல்லாகக் கிடந்தது. நிறையத் தண்ணீர் குடித்து மெல்ல நடக்கும்படி டாக்டரம்மா சொல்லியிருந்தார். பெரியம்மாவோ தண்ணீரை மடக்கு மடக்காகத்தான் கொடுத்தாள். வாசலைத் தாண்டவே விடவில்லை.

அன்று எங்கள் பிள்ளையார்பாளையம் தெருவின் நீளத்துக்கும் பட்டு இழைகளைத் தறிக்குப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அம்மா தானே சீரகத் தண்ணீர் வைத்து ஒரு சொம்பு குடித்தாள். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பாவின் ஓரமாக நடந்தாள்.

"பச்ச ஒடம்புக்காரி தெருவுல நடந்துக்கினு இருக்கா பாரு! தையலு பிரிஞ்சிடும்டி!" என்று பெரியம்மா கத்தினாள்.

"வவுறு என்னுது, அக்கா. உனுக்கா வலிக்குது?"

மூன்றாம் நடையில் சத்தமாகக் காற்று பிரிந்தது. பாவு போட்டவர்கள் சிரித்தார்கள். அம்மா நிற்கவில்லை.

"நல்லா சிரிங்கபா. இன்னும் இருக்குது!"

இன்று வாசலை மறித்து நிற்பவர் என் மாமியார்.

"நாப்பது நாளு படி தாண்டக் கூடாது மாப்ள."

"டாக்டர் நடக்கச் சொன்னாங்க அத்தே," என்றேன்.

மனைவி சொம்பைக் காலி செய்துவிட்டு என் தோளைப் பிடித்தாள்.