மகாவலித் துறையில் எனக்குக் கேட்ட தேள்

இதை எழுதவேண்டும் என்று பல வருஷமாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அதோடு, சண்டை நடந்த காலத்தில் இதைச் சொன்னால் எந்தப் பக்கத்து ஆளுக்கும் பிடிக்காது என்ற பயமும் இருந்தது. இப்போது முருகன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

இனக் கலவரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தை, வரிசை வீடுகளை, எரித்த பிறகு, மகாவலி ஆற்றில் கெலிஓயா ஊருக்கு எதிர்க்கரையில் ஓர் அறை எடுத்துக் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கெலிஓயாவில் ஒரு கடையில் வேலை. கைக்குழந்தையோடு நான் வீட்டில். சுற்றிலும் சிங்களக் குடும்பங்கள். ஒருவரும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் நெருப்பைப் பார்த்தவளுக்குப் பயம் லேசில் போகுமா?

கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தோணியில்தான் போகவேண்டும். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்தது. கரைக்குக் கரை கயிறு கட்டியிருக்கும். ஏறுகிறவர்கள் எல்லாரும் அதைப் பிடித்து இழுத்தால் தோணி நகரும். நாங்கள் அங்கே குடிபோன வருஷம் தோணிக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டு மண்ணெண்ணெய் இஞ்சின் ஒன்று பூட்டியிருந்தார். கை நோகாமல் அக்கரை போகலாம் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

வெயில் காலத்தில் கிணறு வற்றிப்போய்க் குடிக்கவும் ஆற்றுத் தண்ணீர்தான். மற்றப் பெண்கள் துறைக்கு மேல்பக்கம் அள்ளுவார்கள். அவர்களோடு போய் நிற்கப் பயந்து, நான் ஆள் இல்லாத கீழ்ப்பக்கமாகப் பார்த்து அள்ளுவேன். கொஞ்ச நாளில் பிள்ளைக்கு வாந்தி, வயிற்றோட்டம். டாக்டர் மருந்து கொடுத்து, தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னார். கொதிக்கவைத்தேன். தண்ணீரில் ஒரு வாடை வந்தது. அடுப்பு வாடை என்று நினைத்துக்கொண்டேன். மிளகாய் சுற்றிப் போட்டேன். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை தேறவில்லை. கன்னம் ஒட்டி, அழக்கூடச் சத்தம் வராமல் கிடந்தது.

ஒரு காலை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தை முக்கினேன். தோணிக்காரர் துறையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "நங்கி! தெல்! தெல்!"

நங்கி என்றால் தங்கச்சி என்பது எனக்குத் தெரியும். மற்றது தேள் என்று கேட்டது. குடத்தைப் போட்டுவிட்டு, சேலையை உதறிக்கொண்டு குதிக்கிறேன். அந்த மனுஷன் குடத்தைத் தூக்கித் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார். அடிக்கத்தான் வருகிறார் என்று பிள்ளையை அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தோணிக்குக் காத்திருந்த முஸ்லிம் அக்கா ஒருவர், ராத்தா என்போம், சிரித்துக்கொண்டே இறங்கிவந்தார். "தேள் இல்ல தங்கச்சி, தெல். அவங்க பாஷையில எண்ணெ. இஞ்சின் எண்ணெயெல்லாம் இந்தப் பக்கம்தான் ஒதுங்குதாம். இதையா புள்ளைக்குக் குடுக்கிறீங்க?"

தோணிக்காரர் ஒரு கை தண்ணீரை அள்ளிக் காட்டினார். நீலமும் மஞ்சளுமாக மினுங்கியது. பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். துறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் ஒழுகும் எண்ணெயைப் பிடிக்க இஞ்சினுக்குக் கீழே ஒரு தகரம் கட்டியிருந்தார். தோணி ஆடினால் அதுவும் ஆற்றில்தான் கொட்டியது. இரண்டு மூன்று விதமாகக் கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் இஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்தார். பழையபடி கயிறு.

நாங்கள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று தோணியில் ஒரே முணுமுணுப்பு. அக்குறணைப் பக்கத்து வியாபாரி ஒருவர், "காசும் குடுத்துக் கயிறும் இழுக்கணுமா? எங்களையே இஞ்சின் ஆக்கிட்டீங்களே," என்றார்.

"ஜனங்க குடிக்கிற தண்ணி முதலாளி. இழுங்க," என்றார் தோணிக்காரர், உடைந்த தமிழில். அவருக்கும் முகம் சிடுசிடு என்றுதான் இருந்தது. உள்ளங்கை அவருக்கும் தேயும் அல்லவா.

பிள்ளையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நானும் எழுந்து நின்றேன். கயிற்றில் இடமில்லை. ஒரு சிங்கள அம்மா கையை நகர்த்தி, "அல்லன்ன," என்றார். பிடி என்று. பிடித்தேன். கலவரத்துக்குப் பிறகு அவர்களுக்கு நடுவில் நான் நின்றது அன்றுதான். கைகள் எல்லாம் ஒன்றாக இழுத்ததில் தோணி சத்தமில்லாமல் போனது. மறுநாள் அந்த அம்மாவே வாசலில் குடத்தோடு வந்து நின்று, என்னை மேல்பக்கத்துக்குக் கூட்டிப்போனார். பிள்ளைக்கு மெல்ல மெல்லச் சதை பிடித்தது. முருகன் காப்பாற்றினான், எந்தக் கையால் என்பதையும் நான் பார்த்தேன்.

இதை யாருக்காவது சொல்வதானால், உள்ளபடியே சொல்லுங்கள். தோணிக்காரரைச் சாமியாக்க வேண்டாம், முணுமுணுத்துக்கொண்டுதான் செய்தார். அவர் சிங்களவர் என்பதையும் விடவேண்டாம், நான் பயந்தவள் என்பதையும் விடவேண்டாம். பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தது என் பயம்தான் என்று இன்றைக்கும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.